மிஞ்சின ரெண்டு ரோல்ஸ்

பிள்ளை தமிழோ? நெத்தியில திருநீற்றைக் கண்டிட்டுத்தான் பஸ்ஸின்ர பின் சீற்றில இருந்து எழும்பி வந்தனான். அந்தப் பையைக் கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ. காணும், காணும். என்ர பை உங்கட காலில முட்டினால் சொல்லுங்கோ, உள்ளுக்கை சூடாக் கிடக்கு.

கனதூரமோ போறீங்கள்? கடைசி மட்டுமோ. அப்ப நல்லது, எனக்கும் இறங்க இன்னும் நேரம் கிடக்கு. உங்களிட்ட ஒரு கேள்வி கேக்கவேணும். காசு கேக்கப்போறா எண்டு பயப்பிடாதேங்கோ, சமயம் மாத்தவும் வரேல்லை. ஒரேயொரு கேள்வி. ஆனா நடந்ததைச் சொல்லாமக் கேட்டால் நீங்கள் ஓமெண்டும் சொல்ல ஏலாது, இல்லையெண்டும் சொல்ல ஏலாது. ஃபோனைப் பாத்துக்கொண்டே கேளுங்கோ, பரவாயில்லை. என்ர மோனும் அப்பிடித்தான் கேக்கிறவன்.

நான் ஜூரியில இருந்தனான். ஓம், கோர்ட்டில. ஒருத்தன் குற்றவாளியோ இல்லையோ எண்டு பன்னிரண்டு சனம் கூடியிருந்து சொல்லுறதெல்லே, அதில ஒருத்தி. சிரிக்காதேங்கோ. என்ர மோனும் சிரிச்சவன். கோர்ட்டால வரச்சொல்லி அறிவிச்ச அண்டைக்கு, "அம்மா, டொக்டரிட்ட சுகமில்லையெண்டு ஒரு துண்டு வாங்கிக் குடுத்திட்டுக் கழருங்கோ, எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை" எண்டவன். நான் மாட்டன் எண்டிட்டன். ஏன் தெரியுமே? இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலம். கேக் பெட்டி மடிக்கிற கொம்பனியில நிண்டு நிண்டு என்ர முழங்கால் ரெண்டும் தேஞ்சுபோச்சு. ஒருத்தராவது, மங்கையற்கரசி, நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டிருப்பினமோ? சுப்பவைசர் கேக்கேல்லை. மோன் கேக்கேல்லை. மருமோள், அதை விடுங்கோ. கோர்ட் கேட்டது. அதுதான் போனனான்.

போய்ச் சத்தியமும் செய்தன். ஊரிலயெண்டால் கற்பூரத்தைக் கொழுத்திக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணவேணும். இஞ்ச கையை உயர்த்தினால் காணும். ஆனா எனக்கு ரெண்டும் ஒண்டுதான். உள்ளங்கை சுட்டது. மெய்யாத்தான் சொல்லுறன்.

வழக்கு எங்கட பெடியங்கட வழக்கு. ஒரு கலியாண ஹோலுக்கு வெளியில, கார் நிப்பாட்டுற இடத்தில, நல்ல விண்டருக்கை அடிபாடு. ஒரு பெடியனைக் குத்திப்போட்டாங்கள். அவன் அதிலயே முடிஞ்சான். பிடிபட்டது நிரோஜன் எண்டு ஒருத்தன். இருபத்தொரு வயசு. தான் குத்தேல்லை, மாமியை ஏத்திக்கொண்டு போறதுக்கு வந்து காருக்குள்ள ஹீற்றரைப் போட்டிட்டு நித்திரையாப் போனன் எண்டு அவன் சொல்லுறான். அவன் நித்திரை கொண்டதை ஆர் கண்டது? ஒருத்தரும் காணேல்லை. ரெண்டு பக்கமும் தமிழாச்சே, உன்னால நடுநிலையா இருக்க ஏலுமோ எண்டு என்னைக் கேட்டவை. ரெண்டு பக்கமும் தமிழெண்டால் எனக்கு ரெண்டும் ஒண்டுதானே எண்டு சொன்னனான். ஜட்ஜ் என்னைப் பாத்துத் தலையாட்டினவர்.

அந்தக் கதிரையில ஏறி இருந்த நேரம், பிள்ளை, எனக்கு அழுகை வந்தது. பெருமையில. எனக்குப் பக்கத்தில டெஸ்மண்ட் எண்டு ஒரு ஜமேக்கா மனுசன், பஸ் ஓடி ஓய்வெடுத்தவர். மற்றப் பக்கம் பார்பரா எண்டு ஒரு வெள்ளை மனிசி. அவவும் ஓய்வுதான், பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவவாம். எதிரை பாத்தால் ரெண்டு தாய்மார். இஞ்சாலை நீட்டு மரவாங்கில நிரோஜன்ர தாய், தனிய. அங்காலை வாங்கில செத்த பெடியன்ர தாய், தமக்கையோ ஆரோ பக்கத்தில. ஒவ்வொரு நாளும் அந்தந்த இடத்தில வந்து இருப்பினம். ஒருத்தியை ஒருத்தி பாக்கமாட்டினம்.

சாட்சி எண்டு உருப்படியா வந்தது ஒரே ஒரு ஆள். ஹோல் வாசலில நிண்டு சிகரெட் பத்தினவராம். கறுப்பு ஜக்கெற் போட்ட பெடியன் குத்திப்போட்டு ஓடினதைக் கண்டவராம், அது நிரோஜன்தானாம். எவ்வளவு தூரம்? ஒரு கார் பார்க்கின்ர இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். ஸ்னோ கொட்டுது. தலைக்கு மேல தொப்பி மூடி. கமராப் படமும் காட்டினவை. அதில எல்லாரின்ர முதுகும்தான் தெரியுது. எல்லா முதுகும் கறுப்பு. எங்கட பெடியளில, சொல்லுங்கோ, ஒருத்தனாவது வேற நிறத்தில ஜக்கெற் வாங்குறானோ?

இப்ப கவனமாக் கேளுங்கோ. இதுதான் விசயம். ஃபோனைக் கொஞ்சம் கீழ வையுங்கோ பிள்ளை.

அந்த வழக்குக்கு முதல் விண்டர், நானும் மோனும் சாமான் வாங்க மோலுக்குப் போனம். நில், காரைக் கொண்டுவாறன் எண்டிட்டுப் போனவன், ஆளைக் காணேல்லை. ஃபோன் அடிக்கிறன், எடுக்கிறானில்லை. குளிருக்கை நிண்டு நிண்டு எனக்கு விசர் பிடிச்சுது. பாத்தால் அந்தா முன்னால போறான். அதே கறுப்பு ஜக்கெற், அதே நடை, தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு. ஓடிப்போய் முதுகில ஓங்கி ஒண்டு வைச்சன். "மூதேவி, ஃபோன் என்னத்துக்கு வைச்சிருக்கிறாய்" எண்டு கேட்டன். திரும்பினான். சீனப் பெடியன். நல்லவேளை, நல்ல பிள்ளை, சிரிச்சுப்போட்டுப் போட்டான். என்ர மோன் எனக்குப் பின்னால காருக்குள்ள இருந்து ஹோர்ண் அடிக்கிறான்.

என்ர வயித்தில பிறந்தவன் பிள்ளை. குளிப்பாட்டி, சோறு தீத்தி வளத்தவனை எனக்கு முதுகில அடையாளம் தெரியேல்லை. அப்ப சிகரெட் பத்திக்கொண்டு நிண்ட ஆரோ ஒருத்தருக்கு ஸ்னோவுக்கை, அந்தத் தூரத்தில எப்பிடித் தெரியும்? அந்தாள் பொய் சொன்னவர் எண்டு நான் சொல்லேல்லை. நான் மோன் எண்டு நினைச்சு அடிச்சது பொய்யே? நான் அது அவன்தான் எண்டு சத்தியமே பண்ணியிருப்பன்.

இதை எல்லாருக்கும் சொல்லவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். ஆனா ஜட்ஜ் சொன்னவர், கடைசியில நீங்கள் பன்னிரண்டு பேரும் கதவைப் பூட்டிப்போட்டு யோசிக்கிற வரைக்கும் வழக்கைப் பற்றி உங்களுக்குள்ளயும் கதைக்கக்கூடாது, ரெண்டு பக்கத்து ஆக்களோடயும் கதைக்கக்கூடாது எண்டு. நான் சொன்ன சொல்லைக் கேக்கிறவள். மற்றவை கேட்டவையோ? பார்பரா நெடுகக் கதைச்சவ. அந்தப் பெடியன்ர முகத்தில ஒரு ஈரம் இல்லை, தாய் அழ அழப் பாத்துக்கொண்டிருக்கிறான் எண்டு. நான் வாயைத் திறக்கேல்லை. கடைசி நாளுக்கெண்டு பொத்திப் பொத்தி வைச்சிருந்தன். என்ர இங்கிலிஸ் உங்களுக்குத் தெரியும்தானே, இல்லை, உங்களுக்கெப்பிடித் தெரியும். அது அவ்வளவுதான். அதனால அந்த மோல் கதையை இங்கிலிஸில பாடமாக்கினனான். பஸ்ஸில சொல்லிப் பாப்பன். குசினியில சொல்லிப் பாப்பன். கோர்ட்டில அந்தக் கதிரையில இருந்துகொண்டே மனசுக்குள்ள சொல்லுவன்.

இனிச் சாப்பாட்டுக் கதைக்கு வாறன். முதல் நாள் மத்தியானம் அந்த ஜூரி அறையில பாத்தால், ஆளாளுக்கு ஒவ்வொரு மூலையில பெட்டியைத் திறந்து தின்னுகினம். ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு வாய் வேணுமோ எண்டு கேக்கிறேல்லை. டெஸ்மண்ட் ஒரு வாழைப்பழத்தோட இருக்கிறார். நான் மட்டும் என்ர இடியப்பத்தையும் சொதியையும் திறந்து வைச்சுத் தின்னுறதோ? தொண்டைக்குள்ள இறங்குமோ? மூடி வைச்சிட்டன். அடுத்த நாள் விடிய எழும்பி, இறைச்சிக் கறியை உள்ளுக்கை வைச்சுச் சுருட்டிப் பொரிச்சு, எல்லாருக்கும் மட்டன் ரோல்ஸ் கொண்டு போனன். பிறகென்ன, ஒவ்வொரு நாளும் ரோல்ஸ்தான். டெஸ்மண்ட் உறைப்புக் காணாதெண்டு தன்ர மிளகாய் சோஸைக் கொண்டுவந்து வைச்சவர். பார்பரா எப்பிடிச் செய்யிறதெண்டு கேட்டுக் கேட்டுத் துளைச்சவ. முதல் நாள் ஆரோ எவரோ எண்டு இருந்த சனம், பிறகு காலமை கதவைத் திறந்த உடன என்ர பையைத்தான் பாக்கும்.

சாட்சியெல்லாம் முடியிற கட்டம். அண்டைக்கு மத்தியானம் பார்பரா பல் டொக்டரிட்டயோ எங்கயோ போட்டா. அவவுக்கெண்டு ரெண்டு ரோல்ஸைப் பைக்குள்ள எடுத்து வைச்சிட்டு, மோனோட கதைப்பம் எண்டு நான் பையோட கீழ இறங்கினன். அறைக்குள்ள ஃபோன் பாவிக்க விடமாட்டினம். கீழ அந்தச் சோடா மெசினுக்குப் பக்கத்து வாங்கில நிரோஜன்ர தாய். சுவரில தலையைச் சாய்ச்சுக்கொண்டு கண்ணை மூடி இருக்கிறா. கை நடுங்குது. நெத்தியெல்லாம் வேர்வை, அந்தக் குளிருக்கை.

எனக்குத் தெரியும் அது என்னெண்டு. என்ர அவர் சீனி வருத்தத்தோட இருபது வருசம் இழுபட்டுச் செத்தவர். காலமை இன்சுலின் ஊசியைப் போட்டிட்டுச் சாப்பிடாம வந்திருக்கிறா. பெத்த பிள்ளை கூட்டுக்குள்ள நிக்கேக்கை எந்தத் தாய்க்குச் சாப்பாடு இறங்கும்? அவர் ஒருக்கா இப்பிடித்தான் பஸ் ஸ்ரொப்பில சரிஞ்சு விழுந்தவர். அந்தக் கை நடுக்கம் எனக்குக் கனவிலயும் வரும்.

நான் என்ன செய்திருக்கவேணும், சொல்லுங்கோ. ஓம், ஜட்ஜும் அதைத்தான் கேட்டவர். அந்தா அதில கோர்ட் காவல்காரர் நிண்டவர்தானே, அவரைக் கூப்பிட்டிருக்கலாமே எண்டு. கூப்பிட்டால் என்ன செய்வார்? அம்புலன்ஸுக்கு அடிப்பார். அவங்கள் வந்து பேரென்ன, பிறந்த திகதி என்ன எண்டு கேட்டுக்கொண்டு நிப்பாங்கள். என்ர பைக்குள்ள சூடா ரெண்டு ரோல்ஸ் கிடக்கு.

"சாப்பிட்டனீங்களே?" எண்டு கேட்டன். அவ்வளவுதான் கேட்டது. கண்ணைத் திறந்து பாத்தா. நான் ஆரெண்டு அவவுக்குத் தெரியும், தெரியாமல் என்ன. ரோல்ஸை எடுத்துக் கையில வைச்சன். முதல் கடி கடிச்சா, பிறகு அழுதுகொண்டே தின்னுறா. அழுதுகொண்டு தின்னுறவையைப் பாத்திருக்கிறீங்களே? பாக்கக்கூடாது. பக்கத்தில இருந்தன். சும்மா எப்பிடி இருக்கிறது? "ஊரில எவ்விடம்?" எண்டு கேட்டன். கரவெட்டி எண்டா. நான் உடுப்பிட்டி. நடந்து போற தூரம். பேர் லீலாவதி. கை நடுக்கம் நிண்டிட்டுது. எழும்பேக்கை, அந்த முகத்தைப் பாத்திட்டு எனக்குச் சும்மா வர ஏலேல்லை. தோளில தட்டி, "யோசியாதேங்கோ, ஒண்டும் நடக்காது" எண்டிட்டு வந்தன். செத்தவீட்டிலயும் சொல்லுறம், ஆஸ்பத்திரியிலயும் சொல்லுறம், அழுகிற மனுசருக்கு வேற என்னத்தைச் சொல்லுறது?

வழக்கைப் பற்றி ஒரு சொல்லுக் கதைச்சனானோ? நீங்களே சொல்லுங்கோ.

மேல போனன். பார்பரா வந்திட்டா. வந்ததும் வராததுமா, என்ர ரோல்ஸ் எங்க எண்டு கேட்டா. நான் ஒளிக்கிற ஆள் இல்லை. களவெடுத்தனானோ ஒளிக்க? "பாவம், அந்தப் பெடியன்ர தாய் மயங்கிற மாதிரி இருந்தா, அவவுக்குக் குடுத்திட்டன், நாளைக்கு உனக்கு நாலு கொண்டுவாறன்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னன். டெஸ்மண்ட் கண்ணை மூடினார். பார்பரா நேரை போய், கதவடியில நிண்ட காவல்காரரிட்ட ஏதோ சொன்னா.

ரெண்டு ரோல்ஸ் பிள்ளை. ரெண்டு ரோல்ஸ் கிடைக்கேல்லை எண்டு இப்பிடிச் செய்வினமோ ஒருத்தர்? நாலு தாறன் எண்டு சொன்னனான்தானே. படிச்ச மனிசி, வேளாவேளைக்கு என்ர கையால வாங்கித் திண்ட மனிசி.

மற்றவையை உள்ளுக்கை இருத்திப்போட்டு என்னைத் தனியக் கூப்பிட்டவை. பெரிய கோர்ட்டு, நான் மட்டும் நடுவில. ஜட்ஜ் கேட்டார், கதைச்சனியோ எண்டு. ஓம். என்ன கேட்டனி? சாப்பிட்டதோ எண்டு கேட்டன், ஊர் எது எண்டு கேட்டன். வேற என்ன சொன்னனி? நான் சத்தியம் பண்ணின ஆளெல்லே, சொன்னன். யோசிக்காதை, ஒண்டும் நடக்காது எண்டு சொன்னன். அங்கால நிண்ட அரசாங்க லோயர் பேனையை மேசையில வைச்ச சத்தம் இப்பவும் என்ர காதுக்கை கிடக்கு. பிறகு ஜட்ஜ் கேட்டார், செத்த பெடியன்ர தாயும் அதிலதானே இருந்தவ, அவவுக்கும் சாப்பிடக் குடுத்தனியோ எண்டு.

என்ன கேள்வி இது? ரெண்டுதானே இருந்தது. அதைத்தான் சொன்னன். அவவுக்குப் பக்கத்தில ஆள் இருந்தது எண்டும் சொன்னன். ஓம், அவவும் எதிர் வாங்கில இருந்தவதான், நாங்கள் கதைச்சதைப் பாத்துக்கொண்டு இருந்தவதான். அவவும் சாப்பிட்ட மாதிரித் தெரியேல்லை. ஆனா அவவின்ர கை நடுங்கேல்லையே. ஏன் அப்பிடிப் பாக்கிறீங்கள்? நீங்களும் ஜட்ஜ் மாதிரிப் பாக்கிறீங்கள்.

நிரோஜன்ர லோயர் எழும்பி எனக்காகக் கனநேரம் கதைச்சவர். எல்லாம் கேட்டிட்டு ஜட்ஜ் நன்றி சொன்னார். அவ்வளவு நாளும் உழைச்சதுக்கு நன்றி, நீ வீட்டை போகலாம் எண்டு. நன்றியாம். திரும்பேக்கை அந்தப் பெடியன் தலையை நிமித்தி என்னைப் பாத்தான். அவ்வளவு நாளும் பாக்காதவன். அவனுக்குச் சின்னப் பிள்ளையின்ர கண். எனக்கு அந்த இடத்தில நிண்டே மோல் கதையைச் சொல்லிப்போடவேணும் போலக் கிடந்தது. வாய் உன்னினது. காவல்காரர் என்ர முழங்கையில பிடிச்சுக் கொண்டுபோய்ப் பின் கதவால விட்டிட்டார். என்ர பை மேல அறைக்குள்ள கிடந்தது. அதையும் அவரே கொண்டுவந்து தந்தவர்.

பன்னிரண்டில ஒருத்தர் போனால் வழக்கு நிக்கும் எண்டுதான் நினைச்சனான். நிக்கேல்லை. பதினொரு பேரோட போச்சு. தமிழ் ரேடியோவில கேட்டன், குசினியில நிக்கேக்கை. கொலைக் குற்றவாளி. ஆயுள் தண்டனை. பதினொரு பேரும் ஒரே முடிவாம்.

பேந்து ஒரு நாள் இறைச்சிக் கடையில டெஸ்மண்டைக் கண்டன். ஆட்டிறைச்சிக்கு வரிசையில நிக்கிறார். என்னைக் கண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பப் பாத்தவர், பிறகு என்ன நினைச்சாரோ வந்து கையைப் பிடிச்சார். இதைச் சொல்லக்கூடாது, சொன்னால் என்னைப் பிடிச்சு அடைப்பாங்கள் எண்டு சொல்லிச் சொல்லித்தான் சொன்னவர். நானும் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. உங்களுக்குச் சொல்லுறன், நீங்கள் சொல்லமாட்டீங்கள்.

எங்களில மூண்டு பேருக்கு மனம் ஒப்பேல்லை எண்டார். அந்தச் சிகரெட் பத்தின ஆளின்ர கதையில. ஆனா ஒருத்தரும் முதல் வாய் திறக்கேல்லையாம். நீ ஏதோ ஒண்டைச் சொல்ல வைச்சிருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும் எண்டார். எப்பிடி எண்டு கேட்டன். உன்ர சொண்டு நெடுக அசைஞ்சுகொண்டிருந்தது, சாட்சி கதைக்க நீயும் உனக்குள்ள கதைச்சுக்கொண்டிருந்தாய், கடைசி நாளில உன்னைச் சொல்லச் சொல்லிக் கேப்பம் எண்டு நான் நினைச்சிருந்தன் எண்டார். பிறகு உன்ர கதிரை வெறுங்கதிரையாக் கிடந்தது, அந்தப் பக்கத்துக்கு இரக்கப்பட்டவளை அனுப்பிப்போட்டாங்கள் எண்டு எல்லாருக்கும் பயம், அதுக்குப் பிறகு ஆர் வாய் திறக்கிறது எண்டார்.

அந்த இறைச்சிக் கடையில, ஆக்களுக்கு நடுவில, நான் அவருக்கு மோல் கதையைச் சொன்னன். பாடமாக்கினபடி, ஒரு பிழையில்லாமல் இங்கிலிஸில. மனுசன் கேட்டிட்டு இறைச்சியும் வாங்காமப் போட்டார்.

எனக்கு நித்திரை இல்லைப் பிள்ளை. மெய்யாத்தான். கண்ணை மூடினால் அந்தக் கதை தொண்டைக்குள்ள வந்து நிக்குது. துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. நிரோஜன்ர லோயரிட்டப் போய்ச் சொன்னன். அவர் கதிரை போட்டு இருத்தி, எல்லாம் கேட்டிட்டு, அம்மா, நீங்கள் என்ன நினைச்சனீங்கள் எண்டது சாட்சியம் இல்லை, அதை நான் ஒரு இடத்திலயும் கொண்டுபோய்க் குடுக்க ஏலாது எண்டார். பாத்தீங்களே? அந்தக் கதிரையில இருக்கேக்கை மட்டும் நான் நினைக்கிறதுக்குப் பெறுமதி. எழும்பினால் இல்லை. மோனிட்டச் சொன்னால், அம்மா, அதை விடுங்கோ, உங்களுக்கும் அவையளுக்கும் என்ன எண்டு கேக்கிறான்.

பிறகு தாயிட்டப் போனன். லீலாவதியிட்ட. விசாரிச்சு விசாரிச்சு அவவின்ர அபாட்மென்றைக் கண்டுபிடிச்சு, வெறுங்கையோட போறதோ எண்டு ரோல்ஸ் போட்டுக்கொண்டு போனன். கதவைத் திறந்தா. அடையாளம் தெரிஞ்சுது. உள்ளுக்கை விட்டு, இருங்கோ எண்டு சொல்லித் தேத்தண்ணியும் போட்டுத் தந்தா. எங்கட சனமெல்லே. சுவரில அவன்ர படம், பள்ளிக்கூடம் முடிச்ச கவுனோட. நான் எல்லாம் சொன்னன். மோல் கதை சொன்னன், டெஸ்மண்ட் சொன்னதையும் சொன்னன். அவவுக்கு ஒரு ஆறுதலா இருக்கும் எண்டு நினைச்சன். உன்ர மோன் குற்றவாளி இல்லை எண்டு நினைச்ச ஆக்களும் இருக்கினம் எண்டு தெரிஞ்சால் ஒரு தாய்க்கு ஆறுதல்தானே?

அவ கேட்டுக்கொண்டே இருந்தா. அழேல்லை. என்ர தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைச்சா. வந்து நிண்டு சொன்னா: "அக்கா, அண்டைக்கு நான் மயங்கி விழுந்திருந்தால் ஆஸ்பத்திரியில கண் முழிச்சிருப்பன். நீங்கள் அந்த அறைக்குள்ள இருந்திருப்பீங்கள்."

பிறகு ரோல்ஸ் பையை எடுத்து என்ர கையில தந்தா. "பசியைத் தாங்கியிருப்பன். இனி வராதேங்கோ" எண்டா.

என்ன கதை இது? நான் நல்லது செய்யப் போனனான். அவவின்ர கை நடுங்கினதை நான் கண்டனான், அவ காணேல்லை. பார்பராவில வரவேண்டிய கோவம் என்னில வருது. துக்கத்தில கதைக்கிறா எண்டு நான் விட்டிட்டன். கோவம் ஆறட்டும் எண்டு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கதவில கொழுவிப்போட்டு வாறன். மணி அடிக்கிறேல்லை. அடுத்த கிழமை போனால் பை அப்பிடியே தொங்கும். சிலவேளை கீழ குப்பைப் பெட்டியடியில கிடக்கும். ஆனா ஒருக்கா, ஒருக்கா மட்டும், பை அங்கயும் இல்லை, இங்கயும் இல்லை. அண்டைக்கு எடுத்துச் சாப்பிட்டிருப்பா. என்ன? பக்கத்து வீட்டுக்காரர் எடுத்திருக்கலாமோ? அப்பிடியேன் சொல்லுறீங்கள்? சாப்பிட்டிருப்பா.

அந்தா என்ர ஸ்ரொப் வரப்போகுது. அந்த மணிக் கயித்தை ஒருக்கா இழுத்து விடுங்கோ பிள்ளை. இப்ப சொல்லுங்கோ. கெதியாச் சொல்லுங்கோ. நீங்கள் அந்தக் கதிரையில இருந்து, நான் அந்த மோல் கதையைச் சொல்லியிருந்தால், அவன்தான் குத்தினவனோ எண்டு உங்களுக்கு ஐமிச்சம் வந்திருக்குமோ, வராதோ?

வந்திருக்கும்.

வந்திருக்கும் எண்டுறீங்கள், என்ன. பஸ்ஸில நான் கேட்ட எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். போன கிழமை ஒரு பெடியன், அதுக்கு முதல் ஒரு ஐயா, ஒரு கர்ப்பிணிப் பிள்ளை. ஒருத்தராவது இல்லையெண்டு சொல்லேல்லை. இவ்வளவு சனம் சொல்லுது, அவன் உள்ளுக்கைதான் கிடக்கிறான். நான் இன்னும் ஆரிட்டப் போய்ச் சொல்ல?

சரி, வாறன். இருங்கோ, உங்கட முகம் வாடிக் கிடக்கு. காலமை சாப்பிடேல்லையோ? வேலைக்கு ஓடுற அவசரத்தில சாப்பிட்டிருக்கமாட்டீங்கள். இந்தாங்கோ, ரெண்டு ரோல்ஸ். மட்டன்தான், சூடாக் கிடக்கு. ஏன் பின்னுக்கு இழுக்கிறீங்கள், ஒருத்தரும் பாக்கேல்லை. பிடியுங்கோ பிள்ளை. யோசியாதேங்கோ, ஒண்டும் நடக்காது.